பெர்த் போகிறீர்களா? திராட்சைத் தோட்டத்தில் முதன்முறை வைன் சுவைப்பவர்களுக்கு

ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கு விடுமுறை போகும் நம்மவர்கள் பலருடைய பயணத் திட்டத்தில், திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த ஸ்வான் பள்ளத்தாக்கும் இருக்கும். சாக்லேட் கடை, தேன் கடை என்று ஏறி இறங்கிவிட்டு, திராட்சைத் தோட்டத்தின் வாசலில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். உள்ளே போனால் என்ன கேட்பது, எவ்வளவு கொடுப்பது, ஊற்றியதையெல்லாம் குடித்தாக வேண்டுமா, வாங்காமல் வந்தால் தவறாக நினைப்பார்களா என்று ஆயிரம் தயக்கம். பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் போகும் உறவினர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவைதான். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கள்ளும் சம்சு என்ற மலிவுச் சாராயமும் நம் தோட்டப்புறக் குடும்பங்களை என்ன பாடு படுத்தின என்பதைக் கண்ணால் கண்டு வளர்ந்தவர்கள் நம்மில் ஏராளம். மதுவின் வாடையே வீட்டுக்குள் வரக்கூடாது என்பவர்களை நான் மனதார மதிக்கிறேன். அவர்கள் மனத்தை மாற்ற இதை எழுதவில்லை. போக விரும்புகிறவர்கள் முறையோடு போய்வர வேண்டும், அவ்வளவுதான். வைன் சுவைப்பு மூக்காலும் நாக்காலும் செய்கிற வேலை. வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடலாம். துப்புகிறவர்தான் கடைசிக் கோப்பை வரைக்கும் தெளிவாகச் சுவைக்கிறார்.

படி 1: இடமும் காலமும்

முதல் அனுபவத்துக்குப் பெர்த்தை நான் பரிந்துரைக்கக் காரணம் உண்டு. கோலாலம்பூரிலிருந்து விமானத்தில் ஐந்தரை மணி நேரம். மலேசியாவுக்கும் அங்கும் ஒரே நேரம் என்பதால் உடம்பு தடுமாறாது. நகரத்திலிருந்து காரில் ஏறினால் அரை மணிக்குள் ஸ்வான் பள்ளத்தாக்கு வந்துவிடும். மேற்கு ஆஸ்திரேலியாவின் மிகப் பழைய வைன் வட்டாரம் அது. 1829இல் குடியேற்றம் தொடங்கியபோதே அங்கே திராட்சை நடத் தொடங்கிவிட்டார்கள். சாண்டல்ஃபோர்ட் தோட்டத்தின் தொடக்கம் 1840. பின்னாளில் குரோஷியாவிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் போட்ட சிறு தோட்டங்களும் இருக்கின்றன. நான் முதலில் அழைத்துப் போவது அந்தச் சிறு தோட்டங்களுக்குத்தான். கூட்டம் குறைவு, சில இடங்களில் வைனைச் செய்தவரே உங்கள் முன் நின்று ஊற்றுவார்.

மார்கரெட் ரிவர் என்ற இன்னொரு வைன் வட்டாரத்தின் பெயர் இன்னும் பெரியது. ஆனால் பெர்த்திலிருந்து சுமார் 270 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. ஒரே நாளில் போய்த் திரும்ப நினைக்காதீர்கள்; இரண்டு இரவு தங்க முடிந்தால் மட்டும் போங்கள்.

அறுவடை ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை. அப்போது போனால் வேலையைப் பார்க்கலாம், ஆனால் வெயில் கடுமை. ஆண்டிறுதி விடுமுறையில் போனால் கொடிகள் பச்சைப்பசேல் என்று இருக்கும். ஜூன், ஜூலையில் இலை உதிர்ந்து, கவாத்து செய்த கட்டைகள்தான் தெரியும். படத்துக்கு அழகில்லை, ஆனால் பேச ஆட்களுக்கு நேரம் இருக்கும். புரட்டாசியில் விரதம் இருப்பவர்கள் அந்த மாதத்தைத் தவிர்த்துவிட்டுப் பயண நாளைக் குறியுங்கள்.

படி 2: வண்டியை யார் ஓட்டுவது?

இதை முடிவு செய்யாமல் விமான டிக்கெட்டே எடுக்க வேண்டாம் என்பேன். ஆஸ்திரேலியாவில் ஓட்டுநரின் இரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவீதத்தைத் தொடக்கூடாது. மலேசியாவிலும் 2020ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 100 மில்லிலிட்டர் இரத்தத்துக்கு 50 மில்லிகிராம்தான் எல்லை. இரண்டும் ஒரே அளவு.

ஒரு சுவைப்பில் ஒவ்வொரு வைனையும் 20 முதல் 30 மில்லி வரை ஊற்றுவார்கள். ஆறு வகை என்றால் 180 மில்லி வரை போகும். 13 சதவீத வைனில் அதற்குள் ஏறக்குறைய 18 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. ஆஸ்திரேலியக் கணக்கில் 10 கிராம் ஒரு ‘நிலையான அளவு’. ஆக, துப்பாமல் விழுங்கினால் ஒரே தோட்டத்தில் கிட்டத்தட்ட இரண்டு அளவு உள்ளே போய்விடும். மூன்று தோட்டம் என்றால் ஐந்தைத் தாண்டும். ஒரு நாளில் நான்குக்கு மேல் வேண்டாம் என்பது அந்நாட்டு மருத்துவ வழிகாட்டுதல்.

எனவே குழுவில் ஒருவர் அன்று முழுக்க ஒரு சொட்டும் தொடாமல் ஓட்ட வேண்டும். அப்படி ஆளில்லை என்றால் சிற்றுந்துச் சுற்றுலாவில் சேருங்கள். நகரின் பாரக் தெருப் படகுத்துறையிலிருந்து ஸ்வான் ஆற்றின் வழியே போகும் வைன் படகுப் பயணமும் உண்டு. வயதானவர்களோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது அந்தப் படகைத்தான்.

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் மது போனால் சர்க்கரை சட்டென்று இறங்கக்கூடும். நம் சமூகத்தில் இந்நோய் எவ்வளவு பரவலானது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

படி 3: ஊரிலேயே மூக்கைப் பழக்குங்கள்

பலரும் தவிர்த்துவிடும் படி இது. எனக்கு மிகப் பிடித்ததும் இதுதான்.

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ ஒரு மளிகைக் கடைக்குப் போய்க் கிராம்பு, மிளகு, ஜாதிக்காய், உலர் திராட்சை ஆகியவற்றைக் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி வாருங்கள். வீட்டில் எலுமிச்சைத் தோலும் தேனும் இருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு சிறு கிண்ணத்தில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, வேறொருவர் நீட்ட நீட்ட முகர்ந்து பெயர் சொல்லுங்கள். தினமும் சமையலில் போடுகிற பொருளுக்கே முதல் நாள் பெயர் வராது. நான்கைந்து நாளில் வந்துவிடும்.

இது வெறும் விளையாட்டில்லை. ஷிராஸ் என்னும் சிவப்புத் திராட்சையில் மிளகு வாசம் வருகிறது என்பார்கள். மிளகுக்கு அந்த மணத்தைத் தரும் ரோட்டண்டோன் என்ற அதே பொருள்தான் ஷிராஸிலும் இருக்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அதை 2008இல் கண்டறிந்து வெளியிட்டார்கள். குளிர்ப் பகுதி ஷிராஸில் அது தூக்கலாக இருக்கும். வெப்பமான ஸ்வான் பள்ளத்தாக்கில் குறைவு. ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு அந்த மணம் மூக்குக்கே எட்டாது. எட்டவில்லை என்றால் குறை உங்களிடம் என்று எண்ண வேண்டாம். ஓக் மரப் பீப்பாயில் இருந்த வைனில் கிராம்பு மணக்கும். கிராம்பில் இருக்கும் யூஜெனால் ஓக் மரத்திலும் இருக்கிறது. கம்பம் பன்னீர் திராட்சையைத் தின்றவர்களுக்கு மஸ்கட் வைன் முதல் மோப்பத்திலேயே பிடிபட்டுவிடும். அதுவும் மஸ்கட் குடும்பம்தான்.

படி 4: முன்பதிவும், அன்று காலையும்

சுவைப்புக் கூடத்தை அங்கே ‘செல்லார் டோர்’ என்பார்கள். பெரும்பாலும் காலை 10, 11 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்குள் அடைத்துவிடுவார்கள். ஆறு பேருக்கு மேல் போவதாக இருந்தால் முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். பாட்டில் வாங்கினால் அதைக் கழித்துக்கொள்ளும் வழக்கம் பல தோட்டங்களில் உண்டு. ஒரு நாளுக்கு இரண்டு தோட்டம் போதும், மிஞ்சினால் மூன்று. சுவைக்க 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். இளையவர்கள் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் வயிறு நிறைய உண்ணுங்கள், ஆனால் சம்பால் காரம் வேண்டாம். காரம் பட்ட நாக்குக்கு மெல்லிய வைன் தண்ணீராகத்தான் தெரியும். புறப்படுவதற்குச் சற்று முன் கோப்பி ஓ என்னும் பால் சேர்க்காத காப்பியைக் குடிப்பதையும் தவிருங்கள். சென்ட், வாசனை எண்ணெய், தலையில் மல்லிகைச் சரம் எதுவும் வேண்டாம். உங்கள் மூக்கை மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவர் மூக்கையும் அது அடைத்துவிடும்.

படி 5: மேசை முன்னால்

போனதும் “இது எனக்கு முதன்முறை, பொறுமையாகச் சொல்லித் தாருங்கள்” என்று சொல்லிவிடுங்கள். ஊற்றுகிறவர்களுக்கு இதைவிட இனிப்பான சொல் கிடையாது. கையோடு “துப்புவதற்குப் பாத்திரம் எங்கே?” என்றும் கேளுங்கள். மேசை மீதே படிக்கம் போல ஒரு கலம் இருக்கும். பொது இடத்தில் துப்புவது அநாகரிகம் என்று வளர்க்கப்பட்ட நமக்கு முதலில் கூசும். அங்கே அது தேர்ந்தவர்களின் பழக்கம். தனியாக ஒரு காகிதக் கோப்பை கேட்டாலும் தருவார்கள்.

வரிசை வெள்ளையில் தொடங்கிச் சிவப்புக்குப் போய் இனிப்பில் முடியும். ஸ்வான் பள்ளத்தாக்கில் செனின் பிளாங்க், வெர்டெல்யோ இரண்டையும் விட்டுவிடாதீர்கள். அந்த மண்ணுக்கும் வெயிலுக்கும் பொருந்திய வெள்ளைகள் அவை.

கோப்பையைத் தண்டில் பிடியுங்கள். கிண்ணப் பகுதியைப் பிடித்தால் கைச்சூடு ஏறும். வெள்ளைக் காகிதத்தின் மேல் சாய்த்து நிறத்தைப் பாருங்கள். பிறகு கோப்பையைச் சுழற்றாமலே ஒரு முறை முகருங்கள். அடுத்து, கோப்பையின் அடி மேசையில் பதிந்திருக்க, இரண்டு மூன்று சுற்று சுழற்றிவிட்டு மீண்டும் முகருங்கள். இரண்டாவது மோப்பத்தில் கதவு திறந்த மாதிரி மணம் கிளம்பும். இங்கே அவசரப்படாதீர்கள். பழமா, பூவா, மசாலாவா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பழம் என்றால் எலுமிச்சையா, கொய்யாவா, அன்னாசியா?

ஒரு தேக்கரண்டி அளவு வாயில் எடுத்து நாக்கு முழுக்கப் படரவிடுங்கள். கன்ன ஓரத்தில் உமிழ்நீர் சுரந்தால் புளிப்பு நன்றாக இருக்கிறது என்று பொருள். ஈறும் நாக்கும் வறண்டு இழுத்தால் அது துவர்ப்பு. திராட்சைத் தோலிலும் விதையிலும் இருக்கும் டானின் செய்கிற வேலை. தொண்டையில் சூடு ஏறினால் ஆல்கஹால் கூடுதல். துப்பிய பிறகு மனத்துக்குள் எண்ணுங்கள்: சுவை எத்தனை நொடி நிற்கிறது? நீண்ட நேரம் நின்றால் நல்ல வைன். விலைச்சீட்டைப் பார்க்கும் முன் இந்தக் கணக்கைப் பார்க்கச் சொல்வேன்.

என் அத்தை மது அருந்துவதே இல்லை. ஒரு தோட்டத்தில், சாராயம் சேர்த்து வலுவேற்றிய மஸ்கட் வைனை முகர மட்டும் கொடுத்தோம். கண்ணை மூடிக்கொண்டு, “உலர் திராட்சை. வெல்லப்பாகு. அப்புறம், பழைய தேக்குப் பெட்டியைத் திறந்த வாசம்” என்றார். ஊற்றிய பெண்மணி உள்ளே போய், தான் எழுதி வைத்திருந்த குறிப்பை எடுத்து வந்து காட்டினார். முதல் இரண்டும் அதில் அப்படியே இருந்தன. மூன்றாவதை அவர் அங்கேயே எழுதிச் சேர்த்துக்கொண்டார்.

சைவர்களுக்கு ஒரு முக்கியக் குறிப்பு. வைனைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், ஜெலட்டின், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை ஆகியவற்றைப் பயன்படுத்துவதுண்டு. களிமண் வகையால் தெளியவைத்தவையும், தெளியவைக்காமலே அடைத்தவையும் இருக்கின்றன. “வீகன் வைன் எது?” என்று கேட்டாலே போதும், எடுத்துக் காட்டுவார்கள்.

படி 6: கொடி வரிசைக்குள் கேட்காமல் இறங்காதீர்கள்

கொடிகளுக்கு நடுவே நின்று படம் எடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ஃபிலாக்ஸெரா என்ற மிகச்சிறு பூச்சி திராட்சை வேரைத் தின்று கொடியையே கொல்லும். செருப்பில் ஒட்டிய மண்ணோடு தோட்டம் விட்டுத் தோட்டம் போகும். விக்டோரியா மாநிலத்தில் அது 1877இல் கண்டறியப்பட்டது. மேற்கு ஆஸ்திரேலியாவை அது இன்னும் தொடவில்லை. தொடாமல் காக்க அவர்கள் படும் பாடு பெரிது. மெல்பர்னில் தோட்டம் சுற்றிய அதே காலணியோடு பெர்த் தோட்டத்தில் கால் வைக்கவே வைக்காதீர்கள்.

அனுமதி தந்தால் நிதானமாகப் பாருங்கள். ரப்பர்த் தோட்டத்தில் ஒட்டுக்கன்று கட்டிய தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகள் கொடியின் அடிக்கட்டையைக் குனிந்து பார்க்க வேண்டும். பூச்சி பரவிய நாடுகளில் அமெரிக்க வேர்க்கட்டையின் மேல் ஒட்டுப் போட்டுத்தான் திராட்சையை வளர்க்கிறார்கள். தரைக்குச் சற்று மேலே ஒட்டின் முடிச்சு தெரியும். இங்கே பல பழைய கொடிகளில் அந்த முடிச்சு இருக்காது, சொந்த வேரிலேயே நிற்கின்றன. கவாத்து யார் செய்கிறார்கள், ஒரு கொடியில் எத்தனை மொட்டு விடுகிறார்கள் என்று கேளுங்கள். உடலுழைப்பைப் பற்றிக் கேட்பவர்களிடம் தோட்டக்காரர்கள் மனம் விட்டுப் பேசுவதைப் பார்த்திருக்கிறேன்.

படி 7: வாங்குவதும் கொண்டுவருவதும்

வாங்குவது கட்டாயமில்லை. நன்றி சொல்லிவிட்டு வரலாம். வாங்குவதானால் ஒருவருக்கு ஒரு பாட்டில். மலேசியச் சுங்கத்தில் வரியில்லாமல் கொண்டுவர ஒருவருக்கு அனுமதி மொத்தம் ஒரு லிட்டர். பாட்டில் 750 மில்லி. இரண்டாவதற்கு வரி கட்ட வேண்டும். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் எடுத்துச் செல்ல முடியாது. பாட்டிலைத் தடித்த காலுறைக்குள் செருகி, துணிகளுக்கு நடுவே வைத்து, பெரிய பெட்டியில் போடுங்கள்.

படி 8: வீட்டில்

நம் ஊர் வெக்கையில் வைனைக் காரிலோ சமையலறை அலமாரியிலோ வைத்தால் கெட்டுவிடும். குளிர்பெட்டியே பாதுகாப்பு. வெள்ளையை அப்படியே பரிமாறலாம். சிவப்பை அரை மணி முன்னால் வெளியே எடுங்கள். காரக் குழம்போடு துவர்ப்பான சிவப்பு சேராது; காரம் இன்னும் எரியும். நண்டுப் பிரட்டலுக்கும் மீன் வறுவலுக்கும் செனின் பிளாங்க் நன்றாகப் பொருந்துகிறது, அதிலும் லேசான இனிப்புள்ளது. திறந்த பாட்டிலை இறுக மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். வலுவேற்றிய மஸ்கட் சில வாரங்கள்கூட இருக்கும். சிறு கோப்பையில் ஊற்றி, பாயசத்துக்குப் பிறகு கொடுங்கள்.