பாரிஸ்டரை நேரே பிடிக்கப் போகிறீர்களா? மனுவை யார் போடுவது என்று முதலில் கேளுங்கள்

வழக்கின் கடதாசி வேலைகளை நடத்துகிற வக்கீலான சொலிசிட்டரிடம் போகாமல், நீதிமன்றத்தில் நின்று வாதாடுகிற வக்கீலான பாரிஸ்டரை நேரே அமர்த்தலாமா என்று புதிதாக வருகிற பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள். அமர்த்தலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2004 முதல் அதற்கு வழி இருக்கிறது. பப்ளிக் அக்சஸ் என்பார்கள், டைரக்ட் அக்சஸ் என்றும் சொல்வார்கள். ஸ்கொட்லாந்தில் முறை வேறு, அங்கே இருப்பவர்கள் இதை நம்பி இறங்க வேண்டாம்.

ஆளைத் தேடுவது பெரிய வேலை இல்லை. பாரிஸ்டர்களின் அமைப்பான பார் கவுன்சிலின் டைரக்ட் அக்சஸ் போர்ட்டலில் (இணையதளத்தில்) பெயர்கள் கிடைக்கும். எல்லாப் பாரிஸ்டரும் இப்படி வேலை எடுக்க முடியாது, அதற்கெனத் தனிப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். ஆகவே பாரிஸ்டர்களைக் கண்காணிக்கிற பார் ஸ்டாண்டர்ட்ஸ் போர்டின் பதிவேட்டில் பெயரைப் போட்டுப் பாருங்கள். கடைப் பின்னறையில் மேசை போட்டுக்கொண்டு, "பாரிஸ்டர் எனக்குத் தெரிஞ்சவர், காசை என்னட்டத் தாங்கோ" என்கிற அண்ணைமார் அதில் இருக்க மாட்டார்கள். தகுதியில்லாமல் குடிவரவு ஆலோசனை சொல்வது இங்கே குற்றம். நம்மவர்கள் அதைக் கோயில் தொண்டு போலச் செய்கிறார்கள், வாங்குகிற காசு மட்டும் தொண்டுக் கணக்கில் இல்லை.

அகதி வழக்கு போல லீகல் எயிட் (அரசு செலவில் சட்ட உதவி) கிடைக்கக்கூடிய வழக்கென்றால் இந்தப் பக்கம் வராதீர்கள். நேரே பாரிஸ்டரிடம் போனால் லீகல் எயிட் கிடையாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பாரிஸ்டர் ஆலோசனை சொல்வார், மனு எழுதித் தருவார், நீதிபதி முன் நின்று வாதாடுவார். ஆனால் தாக்கல் செய்ய மாட்டார். வழக்கு நடத்தத் தனி அனுமதி பெற்ற சிலரைத் தவிர மற்றவர்களுக்கு அதற்கு உரிமையே இல்லை. மனுவை அனுப்புவது, எதிர்த்தரப்புக்குப் பிரதி கொடுப்பது, நீதிமன்றக் கட்டணம் கட்டுவது, கடைசித் தேதியைக் கவனிப்பது எல்லாம் உங்கள் தலையில்.

ஊரில் நமக்கு இது பழக்கமில்லை. யாழ்ப்பாணத்தில் லோயர் வீட்டு விறாந்தையில் போய் இருந்தால் கிளாக்கர் வந்து கையெழுத்து வாங்குவார். அதற்குப் பிறகு எந்தக் கடதாசி எங்கே போகிறது என்று யார் பார்த்தது? அடுத்த தவணைக்கு வெள்ளைச் சட்டையோடு போய் நின்றால் போதும். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கும் அப்படித்தான், வக்காலத்தில் கையெழுத்துப் போட்டால் மிச்சத்தை வக்கீல் குமாஸ்தா பார்த்துக்கொள்வார். இங்கேயும் பாரிஸ்டரின் அலுவலகமான சேம்பரில் கிளார்க் இருக்கிறார். அவர் பார்ப்பது பாரிஸ்டரின் டயரியையும் கட்டணத்தையும்தான்.

என் பெறாமகன் மாட்டியது இதில்தான். இங்கே அவனோடு இருக்கிற மனைவியின் விசா வழக்கு கீழ் ட்ரிப்யூனலில் (குடிவரவு வழக்குகளைக் கேட்கும் தீர்ப்பாயத்தில்) தோற்றுவிட்டது. மேலே போக அனுமதி கேட்கும் மனு, தீர்ப்பின் காரணங்கள் எழுத்தில் அனுப்பப்பட்டு 14 நாளுக்குள் ட்ரிப்யூனலின் கைக்குக் கிடைத்திருக்க வேண்டும். ஆள் நாட்டுக்கு வெளியே இருந்தால்தான் 28. பாரிஸ்டர் திறமாகவே எழுதினார், நாளிருக்கவே மின்னஞ்சலிலும் அனுப்பினார். கீழே ஒரு வரி: படிவத்துடன் இணைத்துத் தாக்கல் செய்யவும். இவன் அதைத் தனக்கு வந்த பிரதி என்று நினைத்து, நன்றி என்று பதில் போட்டுவிட்டு நைட் ஷிப்டுக்குப் போய்விட்டான். "அவர் போட்டிருப்பார்தானே சித்தப்பா, அவ்வளவு காசு குடுத்தனான்" என்கிறான் என்னிடம்.

பிறகென்ன, ஏன் பிந்தியது என்று விளக்கம் எழுதி, காலம் நீட்டித் தரும்படி கேட்க வேண்டியதாயிற்று. விளக்கத்தை எழுதியவரும் அதே பாரிஸ்டர், அதற்கு வேறு கட்டணம். காலத்தை நீட்டினார்கள்தான், ஆனால் பதில் வரும்வரை அந்த வீட்டில் ஒருவருக்கும் நித்திரை இல்லை. பாரிஸ்டரைக் குறை சொல்லவும் வழியில்லை. வேலை தொடங்குமுன் அவர் அனுப்பிய கிளையன்ட் கேர் கடிதத்தில் தாக்கல் உங்கள் பொறுப்பு என்று தெளிவாக எழுதியிருந்தது. எங்கள் பெடியன் கட்டணம் இருந்த பக்கத்தை மட்டும் வாசித்திருக்கிறான்.

அந்தக் கடிதம் வந்ததும் காசு கட்டுமுன் எழுத்தில் கேளுங்கள்: இதை யார், எங்கே, எந்தத் தேதிக்குள் போடுவது? "நீங்கள்தான்" என்று பதில் வந்தால், எந்தப் படிவம், எந்த முகவரி என்பதையும் அப்போதே கேட்டு வாங்குங்கள். போட்டபின் ட்ரிப்யூனல் அனுப்பும் ரசீதைப் பாரிஸ்டருக்கும் அனுப்பிவிடுங்கள்.

காசு விஷயத்தில் இன்னொன்று. பாரிஸ்டர் கட்சிக்காரரின் பணத்தைத் தன்னிடம் வைத்திருக்கக் கூடாது என்பது விதி. தன் கட்டணத்தை முன்கூட்டியே கேட்பார், அது வழமை. நீதிமன்றக் கட்டணத்தையும் தன் கணக்கில் போடச் சொன்னால் கவனம். விசாரணை தள்ளிப்போனால் கட்டிய காசு என்னாகும் என்பதையும் முதலே கேளுங்கள்.

ஆலோசனைக்கோ ஒரு நாள் விசாரணைக்கோ மட்டும் ஆள் வேண்டுமென்றால் பாரிஸ்டரை நேரே பிடிப்பது நல்ல வழி, செலவும் குறையும். குடிவரவைப் பார்க்கிற ஹோம் ஒபிஸின் கடிதம் வந்தால் மகள் பள்ளிக்கூடத்தால் வந்து வாசித்துச் சொல்லும்வரை மேசையில் கிடக்கிற வீடென்றால், காசு கூடினாலும் சொலிசிட்டரிடமே போங்கள்.