பருவம் முடிகிற பனியில் துடிப்பான நாய்களுடன் நடப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரொறன்ரோவில் மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் காலுக்கடியில் கிடக்கும் பனி, ஜனவரிப் பனி அல்ல. இரவில் பூச்சியத்துக்குக் கீழே ஐந்தாறு பாகையில் இறுகி, முற்பகல் வெயிலில் இளகி, இருட்டியதும் மறுபடி இறுகி, ஒரே நாளுக்குள் மூன்று விதமான தரையாக அது மாறிவிடுகிறது. ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்கு அருகே, நாய்களை அவிழ்த்துவிட அனுமதியுள்ள வேலியிட்ட மைதானம் ஒன்று இருக்கிறது. ஹஸ்கியோ போர்டர் கோலியோ புதிதாக வாங்கியவர்கள் அங்கே வந்து, பதினொரு ஆண்டுகளுக்கு முன்பு நான் செய்த பிழைகளையே திரும்பச் செய்வதைச் சில வாரங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாதத்தில் ஒட்டிய சாலை உப்பைக் கழுவ வேண்டும், வழுக்காத சப்பாத்து அணிய வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பொருக்குப் பனியில் பந்து எறிவது

இதைப் பற்றித்தான் முதலில் எழுத வேண்டும். இன்னமும் எனக்குக் கோபம் வருவது இதைப் பார்க்கும்போதுதான்.

இளகி இளகி உறைந்த பனியின் மேல், பானையின் அடியில் சோறு பிடித்தது போல, ஒரு பொருக்கு உருவாகிறது. அதன் தடிப்பு சில இடங்களில் இரண்டு விரல் அளவுக்கு இருக்கும், சில இடங்களில் அப்பளத்தின் அளவுதான் இருக்கும். அடியில் இருப்பதோ சர்க்கரை போல உதிர்ந்த பனியும் வெற்றிடமும். நடந்து போகும் நாயின் எடை பல கால்களில் பகிர்ந்து இறங்குவதால் பொருக்கு அதைத் தாங்குகிறது. பந்தைத் துரத்தும் நாயோ கணத்துக்குக் கணம் ஒரு காலிலோ இரண்டு காலிலோ தன் முழு எடையையும், அதற்கு மேல் ஓட்டத்தின் வேகத்தையும் இறக்குகிறது. நடக்கும்போது உடையாத தரை ஓடும்போது உடைவது இதனால்தான். கால் உள்ளே புதைந்து நிற்க, உடல் மட்டும் முன்னே போகிறது. அதோடு பந்தை நோக்கித் திரும்பவும் செய்தால், திருகல் முழுவதும் முழங்காலில் விழுகிறது.

செம்பி என்ற என் போர்டர் கோலிக் கலப்பு நாய்க்கு அப்போது நான்கு வயது, இருபத்திரண்டு கிலோ. மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை பதினொரு மணிக்கு, நீண்ட பிளாஸ்டிக் பிடியால் பந்தை வீசிக்கொண்டிருந்தேன். நான்காவது வீச்சில் பொருக்கு நொறுங்கும் சத்தம் கேட்டது. செம்பி கத்தவில்லை. பந்தைக் கவ்விக்கொண்டு வாலை ஆட்டியபடியே வந்தது. ஆனால் பின்னங்கால் ஒன்றின் விரல் நுனி மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. விரலிடுக்கில் பனிக்கட்டி சிக்கியிருக்கும் என்று நினைத்துப் பாதத்தைத் தடவிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. முன்காலில், பாதத்துக்கு மேலே உட்புறமாக இருக்கும் தனி நகத்தின் அருகே, பொருக்கின் விளிம்பு கீறியதால் மெல்லிய இரத்தக் கோடு இருந்தது. அதைத் துடைத்துவிட்டு, விஷயம் அவ்வளவுதான் என்று முடிவுகட்டினேன்.

அதன்பின் நான் செய்தது இன்னும் பெரிய பிழை. இரண்டு நாள் ஓய்வில் நொண்டல் குறைந்ததும் சுகமாகிவிட்டது என்று நம்பி, மூன்றாம் நாளே நீண்ட நடைக்கு அழைத்துப் போனேன். ஒரு வாரம் கழித்து மிருக வைத்தியர் ஒரு கையால் தொடையைப் பிடித்து, மறு கையால் கீழ்க்காலை முன்னே தள்ளியபோது, அந்த எலும்பு மேசை இழுப்பறை போல முன்னே நகர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். காற்பந்து ஆட்டக்காரர்களுக்கு அறுந்தது என்று செய்தியில் வருமே, முழங்காலுக்குள் குறுக்காக ஓடும் அதே நார் அறுந்திருந்தது. பிடிப்பில்லாத மூட்டில் ஒரு வாரம் நடக்க விட்டதால் உள்ளேயிருக்கும் குருத்தெலும்பு மெத்தையும் கிழிந்திருந்தது. கீழ்க்கால் எலும்பின் தலைப்பகுதியை அறுத்துச் சுழற்றி, தகடும் திருகாணியும் வைத்துப் பொருத்தும் அறுவைச் சிகிச்சைக்கு ஏழாயிரம் டொலருக்கு மேல் செலவானது. மூன்று மாதம் படி ஏறவோ சோபாவில் தாவவோ விடாமல் காவல் இருந்தோம். நாய்களில் இந்த நார் பெரும்பாலும் மாதக்கணக்கில் இழை இழையாக நைந்து வந்தே ஒரு திருகலில் அறுகிறது என்றும், ஒரு காலில் அறுந்த நாய்களில் பலவற்றுக்கு மறு காலிலும் அறுவதுண்டு என்றும் வைத்தியர் அன்றே சொன்னார். அடுத்த ஆண்டு இலையுதிர் காலத்தில், பனியே இல்லாத புல்தரையில், செம்பியின் மறு காலும் போனது.

ஆகவே மைதானத்தில் யாராவது பந்தெறியும் பிடியை எடுக்கும்போது என்னால் சும்மா நிற்க முடிவதில்லை. "இவன் ஓடிக் களைத்தால்தான் அண்ணை வீட்டில் அமைதி" என்கிறார்கள். துடிப்பான நாயைக் களைக்க வைக்க ஓட்டம்தான் வழி என்பது உண்மையல்ல. தீனியைப் பனியில் சிதறவிட்டு மோப்பம் பிடித்துத் தேட வைத்தால், அரைமணி நேரத்தில் ஒரு கோலி நாய் தானாக வந்து படுத்துக்கொள்ளும். நான் இப்போது அவிழ்த்துவிடுவதற்கு முன், மைதானத்தில் நான்கைந்து இடங்களில், வெயில் படும் இடத்திலும் மர நிழலிலும் தனித்தனியாக, குதிகாலால் ஓங்கி மிதித்துப் பார்க்கிறேன். ஓரிடத்திலாவது பொருக்கு உடைந்து கால் புதைந்தால் அன்றைக்கு ஓட்டம் கிடையாது; பலர் நடந்து இறுகிய பாதையில் வாரோடு நடைதான். எந்தப் பருவத்திலானாலும், விரல் நுனியை மட்டும் ஊன்றி நிற்கும் பின்னங்காலைக் கண்டால் அந்த வாரமே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

குளத்து ஐஸ்

மார்ச் பிறந்த பிறகு, தடிப்பு எவ்வளவாக இருந்தாலும், நாயையும் விட வேண்டாம், நாய் விழுந்தால் பின்னால் நீங்களும் இறங்க வேண்டாம், அவசர உதவிக்கு 911ஐ அழையுங்கள்.

வெப்பமானியை மட்டும் நம்புவது

உலர்ந்த காற்றில் பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகை என்றால் ஹஸ்கிக்கு அது கொண்டாட்டம். பூச்சியத்துக்கு மேலே ஒன்றிரண்டு பாகையில், மழையும் பனியும் கலந்து விழும் நாளில்தான் கவலைப்பட வேண்டும். நாயின் உள்மயிரில் அடைபட்ட காற்றுத்தான் அதன் போர்வை. வயிற்றுப்புறம் கூழ்ப்பனியில் ஊறியதும் அந்தக் காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொள்கிறது. ஓடும் வரைக்கும் தெரியாது. கார் நிறுத்துமிடத்தில் பத்து நிமிடம் கதைத்துக்கொண்டு நிற்கும்போது நடுக்கம் தொடங்கும். காரில் இரண்டு பெரிய துவாய்கள் வைத்திருங்கள். முதுகை விட்டு வயிற்றிலிருந்து துடைக்கத் தொடங்குங்கள்.

பாதத்தில் பனி உருண்டை கட்டுவதும் இந்த நாட்களில்தான் அதிகம். கடுங்குளிரில் பனி பொடியாக உதிர்ந்துவிடும். பூச்சியத்தை ஒட்டிய பனிதான் விரலிடை மயிரில் பசைபோலப் பிடித்துக் கல்லாகிறது. இழுத்துப் பிய்த்தால் மயிரோடு வரும். உள்ளங்கையில் பொத்திப் பிடித்து உருக விடுங்கள். வீட்டுக்கு வந்ததும் அந்த மயிரை மெத்தைப் பாதத்தின் மட்டத்துக்குக் கத்தரித்துவிடுங்கள்.

இறக்கத்தில் இடுப்பு வார்

நாயின் வாரை உங்கள் இடுப்பில் கட்டியிருந்தால், இறக்கம் வந்ததும் கழற்றிக் கையில் பிடியுங்கள்.

பனி கிடக்கிறதே, உண்ணி இராது என்று நினைப்பது

கருங்கால் உண்ணிகள் குளிர்காலத்தில் சாவதில்லை. சருகுக்கடியில் கிடந்து, வெப்பநிலை நான்கு பாகையைத் தாண்டும் நாட்களில் ஏறி வருகின்றன. லைம் எனும் பாக்டீரியா நோயைப் பரப்பும் இந்த உண்ணி, ரொறன்ரோவின் கிழக்கோரத்து ரூஜ் பள்ளத்தாக்கில் இருப்பது உறுதிசெய்யப்பட்ட விஷயம். ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவில் நாயை வாரில்தான் கொண்டுபோக வேண்டும். அப்படிப் போனாலும் பனி உருகிய தெற்குச் சரிவுகளில் பழுப்பு நிறப் புல் தலைகாட்டும் இடங்களில் அது மூக்கை நுழைக்காமல் இராது. கடித்த உண்ணியிலிருந்து லைம் கிருமி உடலுக்குள் செல்லப் பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்பதால், அன்றைக்கே தேடி எடுத்துவிடுவது பயன் தரும். காதுக்குப் பின்புறம், கழுத்துப்பட்டிக்கு அடியில், கைக்குழி, விரலிடுக்கு ஆகிய இடங்களை மயிரை எதிர்த்திசையில் விலக்கி விரலால் தடவுங்கள். எள்ளளவு புடைப்பு தட்டுப்பட்டால், கூர்முனைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுத்து எடுங்கள்.