வாடைக் காலத்துக் கரைப் பயிற்சி: வெறுங்கால் நீர்ச்சறுக்கு பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேகப் படகு இழுக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, காலில் பலகை இல்லாமல் தண்ணீர்மேல் வழுக்கிப் போவதுதான் வெறுங்கால் நீர்ச்சறுக்கு. ஐப்பசி பிறந்து வாடை ஏறிவிட்டால் பாக் நீரிணைப் பக்கம் வேகப் படகை இறக்க முடியாது. மற்ற மாதங்களில் குளம் மாதிரிக் கிடப்பதால்தான் எங்கள் மீனவர்கள் அதைப் ‘பெண் கடல்’ என்கிறார்கள். வாடையில் அரியமான் கரையில் நின்று பார்த்தால் அதே கடல் கலங்கிப் புரளும். தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடா, அதாவது ‘ஆண் கடல்’, அப்போது சற்று அடங்கியிருக்கும். ஆனால் அங்கே 21 தீவுகளும் பவளப் பாறைகளும் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. அங்கே போய் வேகப் படகு ஓட்டும் எண்ணமே வேண்டாம். ஆக, மார்கழி முடியும்வரை நமக்குக் கரைதான் களம்.

அந்த மூன்று மாதமும் வீணாவதில்லை. தவறாகப் பயிற்சி செய்தால்தான் வீணாகிறது. சில வருடங்களாக நானும் நான்கைந்து இளைஞர்களும் சேர்ந்து இந்தக் காலத்தில் கரையில் பழகுகிறோம். திரும்பத் திரும்பக் கண்ணில் படும் தவறுகளை இங்கே சொல்கிறேன்.

முதலில் வேகம். பலகை இல்லாமல் பாதம் மட்டுமே உடம்பைத் தண்ணீர்மேல் தாங்க வேண்டுமென்றால் படகு நல்ல வேகத்தில் ஓட வேண்டும். இதற்கு ஒரு கணக்கு உண்டு. உடல் எடையைப் பவுண்டில் எடுத்து, 10-ஆல் வகுத்து, 20-ஐக் கூட்டினால் மணிக்கு எத்தனை மைல் என்று வரும். 70 கிலோ ஆளுக்கு ஏறக்குறைய 35 மைல், அதாவது 57 கிலோமீட்டர். ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகும் பஸ்ஸின் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஃப்ளோரிடாவின் வின்டர் ஹேவனில் 1947-இல் முதன்முதலாக ஒருவர் இப்படி வெறுங்காலில் நின்று காட்டினார். அன்றைக்கும் இன்றைக்கும் இதில் சூட்சுமம் ஒன்றுதான். கயிற்றோடு மல்லுக்கு நிற்கக் கூடாது.

இங்கேதான் முதல் தவறு, பெரிய தவறும் இதுதான். சீசன் முடிந்ததும் பையன்கள் ஜிம்முக்குப் போய் டம்பெல் தூக்கிப் புஜத்தை ஏற்றுகிறார்கள். தை மாதம் தண்ணீருக்கு வந்ததும் அந்தப் புஜம் சும்மா இருக்குமா? கயிறு இறுகிய கணமே கை மடங்கி, கைப்பிடி மார்புக்கு வந்துவிடும். கை மடங்கினால் தோள் முன்னால் வரும், தோள் வந்தால் எடை கால்விரலுக்குப் போகும். விரல் நுனி தண்ணீரில் மாட்டினால் முகம் குப்புற விழ வேண்டியதுதான்.

தனுஷ்கோடிப் பக்கம் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இன்னொரு முறை போய், கயிற்றைப் பார்க்காமல் இழுக்கிறவரின் உடம்பை மட்டும் பாருங்கள். கை நேராக நீண்டிருக்கும். முழங்கால் மடங்கி, குதிகால் மணலில் பதிந்திருக்கும். இடுப்பு தாழ்ந்து, முதுகு நிமிர்ந்து, மொத்த உடம்பும் பின்னால் சாய்ந்திருக்கும். வலையின் பாரத்தை அவர் புஜம் தாங்கவில்லை, சாய்வு தாங்குகிறது. அறுபது வயதுப் பெரியவர் ஒருவர் அப்படி நின்றபடி பக்கத்து ஆளோடு சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். வெறுங்கால் சறுக்கில் படகுக்குப் பின்னால் நிற்க வேண்டிய நிலை கிட்டத்தட்ட இதேதான். கால்விரல்களை மேல்நோக்கித் தூக்கிக்கொள்வது மட்டும் கூடுதல்.

ஆகவே கரையில் செய்ய வேண்டிய முக்கியமான பயிற்சி இது. ஒரு தூணில் கயிற்றைக் கட்டி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சாக்கின் மேல் உட்காருங்கள். பாதங்கள் முன்னால், தோள் அகலத்துக்கு விலகி இருக்கட்டும். கையை மடக்காமல், குதிகாலை அழுத்தி, நாற்காலியில் உட்கார்ந்த நிலைக்கு மெல்ல எழும்புங்கள். அங்கேயே 15 விநாடி நில்லுங்கள். உட்காருங்கள், மறுபடி எழும்புங்கள். ஒரு தடவைக்கு எட்டுப் பத்து முறை போதும். கை மடங்கினால் சொல்வதற்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும், தனக்குத் தானே தெரியாது. நம் ஊரில் குந்தி உட்காரும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த நிலை சீக்கிரம் கைவருகிறது. நாற்காலியிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு இரண்டு வாரம் கூடுதலாகப் பிடிக்கிறது.

கயிறு கட்டும் இடத்திலும் தவறு நடக்கிறது. கட்டு இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும். தலைக்கு மேலே கட்டினால் கயிறே உங்களைத் தூக்கிவிடும், கால் வேலை செய்யாது. தரையோடு கட்டினால் முதுகு வளைந்து பழகிவிடும். பனையில் கட்ட வேண்டாம், சொரசொரப்பு கயிற்றைத் தேய்த்துவிடும். பழைய வலைக்கயிற்றையும் நம்பாதீர்கள். வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உப்பும் வெயிலும் உள்ளே அரித்திருக்கும். அப்படி ஒரு கயிறு அறுந்து நான் மல்லாக்க விழுந்து, இரண்டு வாரம் திண்ணையில்கூட உட்கார முடியாமல் கிடந்தேன். ஒவ்வொரு நாளும் கயிற்றைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

அடுத்தது பின்தொடை. இதைத்தான் நான் அதிகம் வலியுறுத்துவேன். நீர்ச்சறுக்கில் நேரும் மோசமான காயங்களில் ஒன்று, பின்தொடைத் தசை உட்காரும் எலும்பிலிருந்தே பிய்ந்து வருவது. தண்ணீரிலிருந்து கிளம்பும்போது முழங்கால் நீட்டியிருந்து, இடுப்பு முன்னால் மடங்கி, படகு வெடுக்கென்று இழுத்தால் அது நடக்கும். சிலருக்கு அறுவை சிகிச்சை வரை போகும். “நான்தான் தினமும் குனிந்து கால் கட்டைவிரலைத் தொடுகிறேனே” என்பார்கள். நீட்டி வளைப்பது மட்டும் போதாது. நீளும்போதே பாரத்தைத் தாங்கும் பலம் அந்தத் தசைக்கு வேண்டும். மண்டியிட்டு நில்லுங்கள், நண்பர் ஒருவர் கணுக்கால்களை அழுத்திப் பிடிக்கட்டும். முழங்காலிலிருந்து தலைவரை ஒரே கோடாக வைத்து, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக முன்னால் சாயுங்கள். கடைசியில் கையை ஊன்றிக்கொள்ளலாம். முதல் வாரம் நான்கைந்து முறைக்கு மேல் வேண்டாம், மறுநாள் படியிறங்க முடியாது. வாரம் இரண்டு நாள் செய்தால் தை மாதத்துக்குள் நல்ல வித்தியாசம் தெரியும்.

அப்புறம் ஓட்டம். தினமும் ஆறேழு கிலோமீட்டர் மணலில் ஓடுவதுதான் பயிற்சி என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். ஓடுவது நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் இந்த விளையாட்டின் போட்டியில் வித்தைச் சுற்றும் சரி, படகு பின்னால் விட்டுப்போகும் அலைத்தடத்தைக் குறுக்கே கடக்கும் சுற்றும் சரி, ஒரு சுற்று 15 விநாடிதான். அந்த 15 விநாடியும் தொடை, வயிறு, முன்கை எல்லாம் இறுகி நிற்க வேண்டும். அதற்குச் சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலி நிலையில் நிற்பதும், கம்பியில் தொங்குவதும், முழங்கையூன்றிப் பலகை மாதிரி நிற்பதும்தான் பொருத்தம். பொசபொச மணலில் அளவுக்கு மீறி ஓடினால் குதிகால் தசைநார் வீங்கிக்கொள்ளும். ஓடத்தான் வேண்டுமென்றால் அலை வந்து போகும் ஈரமணலில் ஓடுங்கள், திரும்பி வரும்போது அதே சரிவு மறுபக்கக் காலுக்கு வரட்டும்.

பாதத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. வெறுங்கால் விளையாட்டு என்பதால் உள்ளங்காலைக் காய்ப்புக் காய்க்க வைக்க வேண்டுமாம். சுடுமணலிலும் சரளையிலும் நடந்து பாதத்தைப் பாழாக்கிக்கொள்கிறார்கள். தண்ணீர்மேல் போவதற்குக் காய்ப்பு தேவையில்லை. வெடித்த குதிகால்தான் தொல்லை, வெடிப்பு கிழிந்தால் ஒரு வாரம் போய்விடும். நம் மாவட்டத்தில் இன்னொன்றும் உண்டு: சீமைக் கருவேல முள். மழை பெய்ததும் ஓடையிலிருந்து அடித்துவந்து கடற்கரை மணலுக்குள்ளேயே புதைந்து கிடக்கும். குத்தி உள்ளே ஒடிந்தால் சீழ் வைத்துவிடும். பயிற்சி இடத்தை முதலில் பெருக்கித் தார்ப்பாய் விரியுங்கள், மற்ற நேரம் செருப்புப் போடுங்கள். பாதத்துக்கு உண்மையிலேயே தேவையானது கணுக்காலின் நிதானம். ஒற்றைக்காலில் கண்ணை மூடி அரை நிமிடம் நிற்கப் பழகினால் போதும்.

விழுவதைப் பழகாமல் விடுகிறார்கள் என்பது எனக்குக் கவலை தரும் விஷயம். அந்த வேகத்தில் தண்ணீர் மெத்தை இல்லை. விழப்போகிறோம் என்று தெரிந்த கணத்தில் முதல் வேலை கைப்பிடியை விடுவது. பயத்தில் கை இன்னும் இறுக்கிப் பிடிக்கும், அதை மாற்றத்தான் கரைப் பயிற்சி. மெத்தை விரித்து, நண்பர் திடீரென்று “விடு” என்று கத்தும்போது விட்டுவிட்டு, மோவாயை மார்போடு ஒட்டி, கையை உடம்போடு சேர்த்து, தோள் வழியாக உருளப் பழகுங்கள். கழுத்துக்கும் தனியாக வேலை கொடுக்க வேண்டும். நெற்றியில் உள்ளங்கையை வைத்து, தலை அசையாமல் ஒன்றையொன்று 10 விநாடி அழுத்துங்கள். அதேபோல் பின்னாலும் இரு பக்கமும். கழுத்திலோ முதுகிலோ ஏற்கெனவே வலி இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம்.

நேரம் காலை ஆறு மணி. வடகிழக்குப் பருவத்தில் மத்தியானத்துக்கு மேல் எப்போது இடி மின்னல் வரும் என்று சொல்ல முடியாது, இடி கேட்டால் கரையில் நிற்கக் கூடாது. குளிர்காற்று அடிப்பதால் தாகம் தெரியாது, ஆனாலும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள்.

கடைசியாக, தையில் காற்று தணிந்து கடல் சமனான முதல் நாள். மூன்று மாத ஆசையில் எல்லோரும் நேரே படகுக்குப் பின்னால் கட்டும் நீண்ட கயிற்றுக்குப் போகிறார்கள், எனக்கும் அந்த ஆசை வரும். போகாதீர்கள். படகின் பக்கவாட்டில் நீண்டிருக்கும் பூம் கம்பியைப் பிடித்து, முடிந்தால் ஷூ ஸ்கை என்ற காலணி மாதிரியான சின்னப் பலகையை மாட்டிக்கொண்டு, நான்கைந்து ஓட்டம் மட்டும் ஓடிவிட்டுக் கரையேறுங்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் படகில் இருக்கிற ஆள் உங்கள் கையை மட்டும் பார்க்கட்டும். மடங்கியிருந்தால், மறுநாள் காலை தூணில் கட்டிய கயிற்றுக்கே திரும்பி வாருங்கள்.