தெங்கோலோக் கூரையின் கீழ் தாத்தாவின் பெயரைத் தேட

கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில் கூரையைப் பார்த்தே பெயர் சொல்லக்கூடிய மூன்று கட்டடங்கள் அக்கம்பக்கமாக இருக்கின்றன. மலாய்த் தலைப்பாகையான தெங்கோலோக்கைப் போல மடிந்து எழுவது தேசிய நூலகம். வாவ் பூலான் பட்டத்தின் சாயலில் விரிவது தேசிய அரங்கமான இஸ்தானா புடாயா. அதையடுத்து தேசிய ஓவியக்கூடமான பாலாய் செனி நெகாரா. 2023இல் முழுமையாகத் திறந்த எம்.ஆர்.டி. ரயிலின் புத்ராஜெயா தடத்தில் ‘ஹாஸ்பிட்டல் கோலாலம்பூர்’ நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். அவசரத்தில் சாலையின் குறுக்கே மட்டும் ஓடாதீர்கள்.

நூலகம் இந்தக் கட்டடத்தில் 1994இலிருந்து இருக்கிறது. மலேசியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் இதழிலும் 5 படிகள் இங்கே வந்து சேரவேண்டும் என்பது 1986ஆம் ஆண்டுச் சட்டம். தமிழுக்கும் அதுவே. பழைய தமிழ்ப் பத்திரிகையில் தாத்தாவின் மரண அறிவிப்பைத் தேடுகிறவர்களும் முதலில் வருவது இங்கேதான். 1924இல் தொடங்கி 2019இல் நின்ற தமிழ் நேசன் நாளிதழ்தான் பெரும்பாலோர் கேட்பது.

தேடல் சறுக்குவது பெரும்பாலும் எழுத்துக்கூட்டலில். நூலக அட்டவணையில் தமிழ்த் தலைப்புகள் ரோமன் எழுத்தில் இருக்கும், அதிலும் ஒரே முறையில் இருக்காது. ‘நேசன்’ ஓரிடத்தில் எஸ் போட்டும் இன்னோரிடத்தில் சி போட்டும் வரும். ‘ழ’ எல் ஆகவும் வரும், இசட்-எச் ஆகவும் வரும். ஒரு தலைப்புக்கு மூன்று நான்கு கூட்டல்களை வீட்டிலேயே எழுதிக்கொண்டு, இணைய அட்டவணையில் தேடி, பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். பழைய இதழ்கள் திறந்த அலமாரியில் இருக்காது, கேட்டுத்தான் வாங்கவேண்டும். தலைப்பு, ஆண்டு, மாதம் மூன்றையும் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டால் காத்திருப்பு குறையும். ‘அறுபதுகளில் ஏதோ ஒரு வருடம்’ என்று போனால் நாளே போய்விடும்.

கொண்டுபோக வேண்டியவை: ஐசி (அடையாள அட்டை), பென்சில், மெல்லிய சட்டை ஒன்று (குளிர்சாதனம் விடாது). காலில் கால்மூடிய காலணி. அரைக்கால் சட்டையும் ஜப்பான் சிலிப்பரும் வேண்டாம்.

மரண அறிவிப்பு தேடுகிறவர்களுக்கு ஒரு வழி. இறந்த மறுநாள் தொடங்கி ஒரு வாரம் பாருங்கள். இல்லையென்றால் 16ஆம் நாள் காரியத்துக்கு முந்தைய நாள்களைப் பாருங்கள். அங்கும் இல்லையென்றால் அடுத்த ஆண்டின் நினைவஞ்சலி. ஆனால் குடும்பம் திதி பார்த்துப் போட்டிருந்தால் அது ஆங்கிலத் தேதிக்கு ஏறக்குறைய 11 நாள் முன்னேயோ 19 நாள் பின்னேயோ விழும். தேதியை மட்டும் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று எழுந்து போகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். இதழ் நுண்படச் சுருளாக (மைக்ரோஃபிலிம்) இருந்தால் எல்லாப் பக்கத்தையும் ஓட்டாதீர்கள். முதல் நாலைந்து இதழ்களில் அறிவிப்புகள் எந்தப் பக்கத்தில் வருகின்றன என்று பார்த்துக்கொண்டு அந்தப் பக்கத்துக்கே தாவுங்கள். இறந்தவர் இருந்த தோட்டத்தின் (எஸ்டேட்டின்) பெயரும் கையில் இருக்கட்டும். ஆறுமுகங்கள் பலர், தோட்டப் பெயரோடு சேர்ந்தால்தான் உங்கள் ஆறுமுகம். கிடைத்ததும் தேதி, பக்கம், பத்தி மூன்றையும் குறியுங்கள், படி எடுத்தாலும் சரி. படியின் ஓரத்தில் தேதி வெட்டுப்பட்டுப் போவது சகஜம்.

கண் களைத்தால் மலாய்ச் சுவடிகள் பக்கம் போகலாம். யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் 2001இல் சேர்ந்த ஹிக்காயாட் ஹங் துவா என்னும் பழைய மலாய் வீரகதையின் சுவடி இந்த நூலகத்தில் காக்கப்படுகிறது. கதையில் நாயகன் ஹங் துவா தூதனாக ‘கெலிங்’ (தென்னிந்திய) நாட்டுக்கும், விஜயநகரத்தை நினைவூட்டும் பிஜய நகரத்துக்கும் போகிறான். நம்மவர் அதைத் தெரிந்துகொண்டு போனால் ஜாவி (அரபு வரிவடிவில் எழுதும் மலாய்) எழுத்துக் கோடுகளும் கொஞ்சம் நெருக்கமாகத் தெரியும்.

பாலாய் செனியில் சுழன்று ஏறும் சாய்தளம் உண்டு. மேலே போய் இறங்கியபடி ஓவியம் பார்ப்பது காலுக்கு நல்லது. புதுப்பிப்புப் பணியில் கூடங்கள் அடைபட்டிருக்கக்கூடும், போகுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பின்புறம் தாசேக் தித்திவங்சா ஏரி. ஏரிக்கு அப்பால் இரட்டைக் கோபுரம் தெரியும். மாலை வெயில் அதன் மேற்கு முகத்தில் விழும். மூன்று மணிக்கு மேல் இடி இடித்தால் படம் எடுக்க நிற்காமல் கூரைக்குள் வந்துவிடுங்கள், முக்கியமாகப் பையில் அந்தப் படி இருந்தால்.