கொழும்பிலிருந்து மலைவீதிகளுக்கு: குடும்பத்துடன் முதல் சைக்கிள் பயணம் செய்வது எப்படி

கொழும்பில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு மேடு என்றால் பெரும்பாலும் தெஹிவளை மேம்பாலம்தான். அப்படிப்பட்ட சமதரையில் பழகிய ஒரு குடும்பம், 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவைத் தன் கால்களால் உழக்கியே அடைந்து, மறுபக்கம் அப்புத்தளைக் கணவாய் வழியாகத் தென்சமவெளிக்கு இறங்க முடியுமா என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். முடியும். நானும் கணவரும், அப்போது பதின்மூன்று வயதான மகளும் ஒன்பது வயதான மகனும் அதைச் செய்திருக்கிறோம். நாங்கள் எவரும் விளையாட்டு வீரர்கள் அல்லர். ஆனால் முதல் பயணத்தில் தூரத்தை மட்டும் பார்த்துத் திட்டமிட்டு மிகவும் அல்லற்பட்டோம். மலையில் கணக்கிட வேண்டியது ஏற்றத்தையும், குழுவில் மிக மெதுவாக ஓட்டுபவருடைய வேகத்தையும்தான். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டையும் அடிப்படையாகக் கொண்டவை.

படி 1: மாதத்தைத் தெரிவு செய்தல்

மலையகத்தின் மேற்குச் சரிவுக்கும் ஊவாப் பக்கத்துக்கும் மழைக்காலம் வேறு வேறு. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று அட்டன், தலவாக்கலைப் பக்கத்தை நனைக்கும். அதே காலத்தில் வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளைப் பகுதிகள் மலைத்தொடரின் மறைவில் காய்ந்து கிடக்கும். டிசம்பரிலும் ஜனவரியின் முற்பகுதியிலும் வடகீழ்ப் பருவமழை ஊவாவுக்கு வரும். ஆகவே இரு பக்கங்களையும் ஒரே பயணத்தில் கடக்க விரும்பினால், பெப்ரவரியும் மார்ச்சும் மிகவும் பொருத்தமான மாதங்கள். பாடசாலை விடுமுறையை நம்பியிருக்கும் குடும்பங்கள் ஓகஸ்ட் மாதத்தில் அட்டனை விட்டுவிட்டு, நுவரெலியாவில் தொடங்கி ஊவாப் பாதியை மட்டும் ஓட்டுவது நல்லது. நாங்கள் முதல் முறை சென்றது ஏப்ரலில். காலையில் வானம் தெளிவாக இருக்கும். இரண்டு மணிக்குப் பின்னர் நாள் தவறாமல் இடியுடன் மழை கொட்டும். அத்துடன் நுவரெலியாவில் வசந்தகாலக் கூட்டமும் சேர்ந்துகொண்டதால், வீதியோரத்தில் சிறுவர்கள் ஓட்டுவதற்கு இடமே இருக்கவில்லை.

படி 2: வழியைப் பிரித்தல்

தொடங்குவோருக்கு நான் பரிந்துரைக்கும் வழி அட்டன், தலவாக்கலை, நானுஓயா, நுவரெலியா, ஹக்கல, வெலிமடை, அப்புத்தளை, பெரகலை, கொஸ்லந்தை, வெல்லவாய என்பதாகும். கொழும்பிலிருந்து அட்டன் வரை சைக்கிள்களை வேனிலோ சிறிய லொறியிலோ ஏற்றிச் செல்லுங்கள். புகையிரதத்தில் கொண்டு செல்வதாயின், சைக்கிள்கள் பொதியாகப் பதிவு செய்யப்பட வேண்டும். நீங்கள் ஏறும் வண்டியிலேயே அவையும் வருமா என்பதைக் கோட்டை நிலையத்தின் பொதிகள் பிரிவில் முன்னதாகவே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கொழும்பிலிருந்தே ஓட்டிச் செல்ல வேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பு. ஆயினும் நகரிலிருந்து வெளியேறும் வீதிகளின் நெரிசலில் சிறுவர்களுடன் ஒரு நாளைச் செலவிடுவதில் எந்தப் பயனும் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

அட்டன் ஏற்கெனவே 1,271 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. முதல் நாள் அங்கிருந்து தலவாக்கலை வரை மட்டும் ஓட்டுங்கள். டெவன் நீர்வீழ்ச்சியையும் சென்கிளேயர் நீர்வீழ்ச்சியையும் வீதியிலிருந்தே பார்க்கலாம் என்பதால், பிள்ளைகள் நிறுத்தி நிறுத்திச் செல்வதற்கு அவர்களுக்கே காரணம் கிடைக்கும். இரண்டாம் நாள் நுவரெலியா ஏற்றம். மூன்றாம் நாள் முழு ஓய்வு. நான்காம் நாள் சீதா எலிய சீதையம்மன் கோயிலையும் ஹக்கல பூங்காவையும் கடந்து வெலிமடைக்கு இறக்கம். ஐந்தாம் நாள் அப்புத்தளை. ஆறாம் நாள் வெல்லவாய.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நானுஓயாவுக்கு அருகே ரதெல்ல குறுக்குவீதி என்று ஒன்று இருக்கிறது. வரைபடத்தில் அது தூரத்தைக் குறைப்பதாகத் தோன்றும். மிகவும் செங்குத்தான அந்த வீதியில், 2023 ஜனவரியில் பாடசாலை மாணவர்களை ஏற்றிவந்த பேருந்து ஒன்று கட்டுப்பாட்டை இழந்து மோதியதில் ஏழு பேர் உயிரிழந்தனர். தூரம் கூடினாலும் பிரதான வீதியிலேயே செல்லுங்கள்.

படி 3: ஒவ்வொரு நாளின் நேரத்தையும் கணக்கிடுதல்

எங்கள் குடும்பத்தின் கணக்கு எளிமையானது. சமதரையில் சுமையுடன் மணிக்கு 12 கிலோமீற்றர் என்று வைத்துக்கொண்டு, அதன்மேல் ஒவ்வொரு 100 மீற்றர் ஏற்றத்துக்கும் 20 நிமிடம் சேர்ப்போம். 30 கிலோமீற்றர் தூரமும் 600 மீற்றர் ஏற்றமும் கொண்ட ஒரு நாளுக்கு, தூரத்துக்கு இரண்டரை மணித்தியாலம், ஏற்றத்துக்கு இரண்டு மணித்தியாலம், தேநீருக்கும் இளைப்பாறலுக்கும் ஒன்றரை மணித்தியாலம் என ஆறு மணித்தியாலம் வேண்டும். காலை ஆறரைக்குப் புறப்பட்டால் பன்னிரண்டரைக்குச் சேரலாம். பிற்பகல் மழைக்கு முன்னர் தலைக்கு மேல் கூரை இருக்கும். உங்கள் பிள்ளைகளின் வேகம் வேறாக இருக்கும். பயிற்சி நாட்களில் அளந்து, 12 என்ற இடத்தில் உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். வழியின் மொத்த ஏற்றத்தைக் கைப்பேசியில் உள்ள வழிகாட்டும் செயலிகளே காட்டிவிடும்.

பிள்ளைகளுக்கு இந்த எண்கள் எதுவும் உதவாது. தலவாக்கலைக்கு மேலே ஒரு தேநீர்க்கடையில், மகள் களைத்துப்போய் வாங்கில் சாய்ந்திருந்தபோது, கடைக்கார அம்மா பிளேன் டீக் கோப்பையை அவள் கையில் வைத்து, “இன்னும் ஆறு முடக்குத்தான் பாப்பா, அதுக்கப்புறம் கொஞ்சம் சமமா வரும்” என்றார். அவள் எழுந்து ஒவ்வொரு முடக்காக விரல்விட்டு எண்ணியபடி ஏறினாள். அன்றிலிருந்து நாங்கள் கிலோமீற்றரை அவர்களிடம் சொல்வதில்லை. காலையில் வரைபடத்தைப் பார்த்து முடக்குகளை எண்ணிச் சொல்லிவிடுகிறோம்.

படி 4: சைக்கிளைத் தயார் செய்தல்

புதிய சைக்கிள் வாங்க வேண்டிய அவசியம் இல்லை. கியர் உள்ள எந்த மலைச்சைக்கிளும் போதும். பார்க்க வேண்டியது பற்சக்கரங்களை. முன்னால் உள்ள மிகச் சிறிய சக்கரத்தின் பற்களைவிடப் பின்னால் உள்ள மிகப் பெரிய சக்கரத்தின் பற்கள் கூடுதலாக இருக்க வேண்டும். முன்னே 28, பின்னே 34 என்றால் சுமையுடன் ஏறலாம். பின்னால் 28 பற்கள் மட்டுமே இருந்தால், கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். இதற்குச் செலவிடும் பணம் மற்ற எல்லாச் செலவையும்விடப் பயன் தரும். மகனுடைய 24 அங்குலச் சைக்கிளுக்கும் இதையே செய்தோம்.

சுமையை முதுகில் கட்டாதீர்கள். கரியரின் இரு பக்கங்களிலும் தாழ்வாகத் தொங்கும் பைகளில் வையுங்கள். பெரியவர்களுக்கு ஆளுக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் வேண்டாம். பிள்ளைகளிடம் தண்ணீர்ப் போத்தலும் மழை அங்கியும் மட்டும் இருக்கட்டும்.

பிரேக் கட்டைகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் பயணத்துக்கு முன்னர், கொழும்பில் ஒரு கடையில் விலை குறைந்த கட்டைகளை வாங்கிப் போட்டோம். சமதரையில் அவை நன்றாகவே பிடித்தன. பெரகலைக்குக் கீழே கணவரின் பின் பிரேக் கரகரவென்று சத்தமிட, நிறுத்திப் பார்த்தோம். கட்டையின் மேற்பரப்பு கண்ணாடிபோல் இறுகிப் பளபளத்தது. அதில் பதிந்திருந்த ஓர் அலுமினியத் துகள் ரிம்மில் நீளமாகக் கீறியிருந்தது. நல்ல காலமாக வேகம் குறைவாக இருந்தது. தரமான, மென்மையான ரப்பர்க் கட்டைகளையே வாங்குங்கள். கட்டையில் வெட்டப்பட்டிருக்கும் பள்ளக்கோடுகள் மறையத் தொடங்கினால் அதன் ஆயுள் முடிந்தது என்று பொருள். ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒரு மாற்றுச் சோடியும், இறுகிய மேற்பரப்பைச் சுரண்டுவதற்கு ஒரு துண்டு அரத்தாளும் எடுத்துச் செல்லுங்கள். டிஸ்க் பிரேக் உள்ளவர்கள் அதற்குரிய மாற்றுக் கட்டைகளை எடுத்துச் செல்லுங்கள். தோட்டப்புறங்களில் அவற்றைத் தேடிப் பயனில்லை.

பஞ்சர் ஒட்டுவதை வீட்டிலேயே, பிள்ளைகளையும் அருகில் வைத்துக்கொண்டு பழகுங்கள். ஓட்டை உள்ள இடத்தை அரத்தாளால் தேய்த்து, ஒட்டுத் துண்டைவிடச் சற்று அகலமாகப் பசை தடவி, அது மினுமினுப்பு இழந்து காயும்வரை காத்திருந்து, பின்னரே ஒட்டுத் துண்டை வைத்து அழுத்த வேண்டும். ஈரப் பசையில் ஒட்டினால் அது பிடிக்காது. பழகாதவர்கள் செய்யும் தவறு இதுதான். மறுபடி ட்யூப்பைப் போடும் முன், டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவி முள்ளோ கண்ணாடித் துண்டோ இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 5: பயிற்சி

எட்டு வாரங்கள் ஒதுக்குங்கள். முதல் நான்கு வாரங்கள் ஞாயிறு அதிகாலைகளில் சுமையில்லாமல் 20 முதல் 30 கிலோமீற்றர் வரை ஓட்டுங்கள். அடுத்த நான்கு வாரங்கள் பைகளைக் கட்டி ஓட்டுங்கள். ஏற்றத்துக்கு மேம்பாலத்தில் பத்து முறை ஏறி இறங்குவது சலிப்பானதுதான். ஆயினும் ஏற்றம் தொடங்கும் முன்னரே கியரைக் குறைக்க வேண்டும் என்ற பழக்கம் அங்கேதான் வரும். பெடலை முழுப் பலத்துடன் அழுத்திக்கொண்டே கியரை மாற்றினால் செயின் கழன்றுவிடும். கடைசி இரு வாரங்களில் சனி, ஞாயிறு என அடுத்தடுத்த நாட்களில் ஓட்டுங்கள். இரண்டாம் நாள் காலை பிள்ளைகள் முகம் சுளிக்காமல் சைக்கிளில் ஏறினால் நீங்கள் தயார்.

படி 6: ஏறும் நாள்

மிக மெதுவாக ஓட்டுபவர் முன்னால் செல்லட்டும். வலுவானவர் இறுதியில் வரட்டும். பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டது என்று அறிந்துகொள்ளுங்கள். இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பதும் பயணத்தின் ஒரு பகுதிதான்; அதை ஒருபோதும் குறையாகப் பேசாதீர்கள்.

பசி வரும்வரை காத்திராமல் முக்கால் மணித்தியாலத்துக்கு ஒரு முறை சிறிதளவு உண்ணுங்கள். வாழைப்பழம், கச்சான், எள்ளுருண்டை ஆகியவை பையில் கெடாமல் இருக்கும். வழிக்கடைகளில் ரொட்டியும் கட்டைச் சம்பலும் கிடைக்கும். வியர்வை அதிகமாக இருக்கும் நாட்களில் உடல் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் ஜீவனித் தூளில் ஒரு பக்கெற்றைத் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு 1,000 மீற்றர் உயரத்துக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை குறைகிறது. கொழும்பில் 30 பாகை என்றால் நுவரெலியாவில் 18 பாகை அளவில்தான் இருக்கும். ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் அங்கே புற்களில் உறைபனி படிவதும் உண்டு. உச்சியை அடைந்தவுடன், இறக்கத்தைத் தொடங்கும் முன், பிள்ளைகளின் வியர்த்த சட்டையை மாற்றிக் காற்றுப் புகாத மேலங்கியைப் போட்டுவிடுங்கள். இதை ஒருமுறை மறந்ததால், ஹக்கலவைத் தாண்டியபோது மகனின் விரல்கள் விறைத்து, பிரேக்கைப் பிடிக்க முடியாமல் போயிற்று.

படி 7: இறங்கும் நாள்

ஏற்றத்தில் களைப்பு மட்டுமே வரும். ஆபத்து இறக்கத்தில்தான் இருக்கிறது. அப்புத்தளையிலிருந்து வெல்லவாய வரை 1,000 மீற்றருக்கும் மேற்பட்ட உயரம் இறங்க வேண்டியிருப்பதால், அந்த நாளுக்கு ஏறும் நாளைவிடக் கூடுதலான கவனம் வேண்டும்.

பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தியபடி வராதீர்கள். இரு பிரேக்குகளையும் சேர்த்துச் சில விநாடிகள் பிடித்து, விட்டு, மறுபடி பிடியுங்கள். விடும் அந்தச் சிறு இடைவெளியில்தான் காற்றுப்பட்டு ரிம் குளிரும். தொடர்ந்து உராயும் ரிம் ட்யூப் வெடிக்கும் அளவுக்குச் சூடாகலாம். அரை மணித்தியாலத்துக்கு ஒரு முறை அகலமான இடத்தில் நின்று, ரிம்மில் ஒரு துளி தண்ணீரை விட்டுப் பாருங்கள். அது சுரீர் என்று ஆவியானால், பத்து நிமிடம் இருந்துவிட்டுப் புறப்படுங்கள். எங்கள் மகன் இந்தச் சோதனையைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டான். அதனால் நிறுத்தச் சொல்லி அவனை வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை.

வேகத்தை முடக்குக்கு முன்னரே குறைத்துவிடுங்கள். முடக்குக்குள் பிரேக் பிடித்தால், குறிப்பாக ஈர வீதியில், சக்கரம் வழுக்கும். பேருந்துகள் திரும்பும்போது முழு வீதியையும் எடுத்துக்கொள்ளும். ஹோர்ன் சத்தம் கேட்டவுடன் இடப்பக்கம் ஒதுங்கி நின்றுவிடுவது என்று குடும்பத்துக்குள் விதி வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கிடையே இருபது மீற்றர் இடைவெளி இருக்கட்டும். இறங்கும்போது பெரியவர் ஒருவர் முன்னால் சென்று வேகத்தை நிர்ணயிக்க வேண்டும். அவரை எவரும் முந்தக் கூடாது. மூடுபனி இருந்தால் பகலிலும் முன், பின் விளக்குகளை எரிய விடுங்கள்.

இந்த வழி கொஸ்லந்தையைத் தொட்டுச் செல்கிறது. அதற்கு அருகிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 அன்று மண்சரிவு, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களை மூடியது. மழை நாட்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிகளில் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கிறது. நீங்கள் செல்லும் பிரிவுக்கு எந்த நிறத்தில் எச்சரிக்கை இருந்தாலும், அன்று சைக்கிளை எடுக்காதீர்கள். அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்தில் இலவச அம்புலன்ஸ் சேவையும், 119 இல் பொலிஸும், 117 இல் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் இருக்கின்றன. இவற்றைப் பிள்ளைகளின் சைக்கிள் ஹேண்டிலிலும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டுங்கள்.

கொஸ்லந்தையைக் கடந்ததும் 220 மீற்றர் உயரமுள்ள தியலும நீர்வீழ்ச்சி வீதியருகே தெரியும். அங்கே நீண்ட நேரம் நில்லுங்கள். ரிம்மும் குளிரும், கைகளும் ஓயும்.

படி 8: திரும்புதல்

வெல்லவாயவுக்குப் புகையிரதம் இல்லை. ஆகவே திரும்பி வருவதற்கான வாகனத்தைப் புறப்படும் முன்னரே பேசி வைத்துவிடுங்கள். சைக்கிள்களை லொறியில் ஏற்றும்போது பெடல்களைக் கழற்றி, ஒன்றோடொன்று உராயும் இடங்களில் பழைய துவாயைச் சுற்றுங்கள். வீடு வந்த மறுநாள் செயினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து எண்ணெய் இடுங்கள். மண்ணெண்ணெய் ரிம்மிலோ டிஸ்க்கிலோ படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னர் பிரேக் கட்டைகளைக் கழற்றி, எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று அளந்து எழுதி வையுங்கள். அடுத்த பயணத்துக்கு எத்தனை சோடி எடுத்துச் செல்ல வேண்டும் என்பதை அந்த அளவை வைத்தே தீர்மானிக்கலாம்.