ஹைட்ரஜன் கம்ப்ரசர் ரிங் தேய்மானம்: ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டா எப்படி பண்றது?

ஹைட்ரஜன் கார் டேங்க்ல பிரஷர் 700 பார் வரைக்கும் போகும். அந்த அளவுக்கு கேஸை அமுக்குற கம்ப்ரசர்ல ஆயில் போட்டா அது கேஸோட போய் ஃப்யூயல் செல்லை, அதாவது ஹைட்ரஜன்ல இருந்து கரண்ட் எடுக்குற பகுதியை, கெடுத்துடும், அதனால நிறைய பிஸ்டன் கம்ப்ரசர்ல ரிங் (பிஸ்டனைச் சுத்தி கேஸ் கசியாம அடைக்குற வளையம்) எண்ணெயே இல்லாம வறட்டுத்தனமா உரசிட்டுதான் ஓடுது. ரிங் பெரும்பாலும் பிடிஎஃப்இ, அதாவது நம்ம டெஃப்லான், அதுல கார்பன், கிராஃபைட், வெண்கலத் தூள்னு ஏதாவது கலந்திருப்பாங்க. அது எவ்வளவு வேகமா தேயுதுன்னு பாக்குறதுதான் வேலை. மெக்கானிக்கல் லேப்ல பின்-ஆன்-டிஸ்க் மெஷின், அதாவது சுத்துற தட்டு மேல ஒரு சின்ன பின்னை அழுத்தி உரச வைக்குற மெஷின், இருந்தா போதும்.

ஸ்டெப் 1: ஹைட்ரஜன் சிலிண்டர் ஆசையை விட்டுடுங்க. காத்துல 4 சதவீதத்துல இருந்து 75 சதவீதம் வரைக்கும் கலந்தா பத்திக்கும், கண்ணுக்குத் தெரியாத பொறியே போதும், எந்த கைடும் கையெழுத்து போட மாட்டார், போடவும் கூடாது. அப்புறம் என்னத்த ஹைட்ரஜன் ப்ராஜெக்ட்னு கேப்பீங்க. ஃப்யூயல் செல்லுக்குப் போற ஹைட்ரஜன்ல தண்ணி 5 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்துல அஞ்சு பங்கு) மேல இருக்கக் கூடாதுன்னு ஐஎஸ்ஓ 14687-ங்கற சர்வதேச தரவிதி சொல்லுது, அதாவது அது ரொம்ப காஞ்ச கேஸ். கிராஃபைட் வழுக்குறதுக்கு ஈரப்பதம் வேணும். இரண்டாம் உலகப்போர் சமயம் ரொம்ப உயரத்துல பறந்த விமானங்கள்ல ஜெனரேட்டரோட கார்பன் பிரஷ் மளமளன்னு தேஞ்சு தூளானது இதனாலதான், அவ்வளவு உயரத்துல காத்துல ஈரமே கம்மி. ஆக லேப் காத்துல சூப்பரா ஓடுற ரிங், காஞ்ச கேஸ்ல சொதப்பலாம். இந்தக் கேள்விக்கு ஈரமில்லாத நைட்ரஜன் போதும். டிஸ்க்கைச் சுத்தி ஒரு அக்ரிலிக் பெட்டி, ஒரு ஹியூமிடிட்டி சென்சார், ஜன்னல் திறந்திருக்கணும், அடைச்ச ரூம்ல நைட்ரஜன் விட்டா மூச்சுத் திணறும்.

ஸ்டெப் 2: சாம்பிள். 316எல் ஸ்டீல் டிஸ்க், 8 மி.மீ. விட்டத்துல பின். ஒண்ணு சும்மா பிடிஎஃப்இ, ஒண்ணு கிராஃபைட் கலந்தது, ஒண்ணு வெண்கலம் கலந்தது. டிஸ்க் எல்லாத்தையும் ஒரே எமரி ஷீட்ல ஒரே மாதிரி தேய்ங்க.

ஸ்டெப் 3: மெஷினை ஆன் பண்றதுக்கு முன்னாடி பேப்பர்ல கணக்கு. இதைத்தான் நிறைய பேர் தாண்டிப் போயிடுறாங்க. 10 நியூட்டன் லோடுல 1000 மீட்டர் ஓட்டி 2.2 மி.கி. குறைஞ்சா, பிடிஎஃப்இ டென்சிட்டி கன மி.மீ.க்கு சுமார் 2.2 மி.கி., அப்போ 1 கன மி.மீ. போயிருக்கு, அதை லோடு பெருக்கல் தூரத்தால வகுத்தா 0.0001, இதுதான் தேய்மான விகிதம் (ஒரு நியூட்டன்-மீட்டருக்கு இத்தனை கன மி.மீ.). கலப்பு போட்ட ரிங் இதைவிட 100 மடங்கு கம்மியா தேயலாம், அப்போ குறையுறது 0.022 மி.கி., உங்க தராசு 0.1 மி.கி.க்கு கீழ காட்டாது! நாள் பூரா ஓட்டிட்டு 'தேய்மானமே இல்ல'ன்னு எழுதுவீங்க. அதனால லோடு 50 நியூட்டன், அந்த பின்னுக்கு இது 1 மெகா பாஸ்கல் பக்கம் வரும், டிராக் விட்டம் 40 மி.மீ., 240 ஆர்பிஎம், அப்படின்னா வேகம் நொடிக்கு அரை மீட்டர். 10 கிலோமீட்டர் ஓட அஞ்சரை மணி நேரம் ஆகும், 1.1 மி.கி. கிட்ட குறையும், இது தராசுல பிடிபடும். வெண்கலம் கலந்ததோட டென்சிட்டி வேற, அதைத் தனியா அளந்துக்கோங்க.

ஸ்டெப் 4: அசிட்டோன்ல டிஸ்க்கைத் துடைச்சு காயவைங்க. பின்னை ட்வீசர்ல பிடிங்க, விரல் எண்ணெயும் எடைதான். டெஃப்லான்ல ஸ்டாட்டிக் சார்ஜ் ஏறி தராசு நம்பர் ஆடிட்டே இருக்கும், கொஞ்ச நேரம் விட்டு நிலைச்ச பிறகு குறிச்சுக்கோங்க.

ஸ்டெப் 5: ஓட்டுங்க. முதல்ல உராய்வு கிராஃப் தாறுமாறா போகும், பயப்படாதீங்க, பிடிஎஃப்இ மெல்லிசா ஸ்டீல் மேல ஒட்டி ஒரு படலம் உருவாகுற வரைக்கும் அப்படித்தான். அந்த ரன்னிங்-இன் பகுதியைச் சராசரில சேக்காதீங்க. முடிஞ்சதும் டிராக்கை மைக்ரோஸ்கோப்ல பாருங்க, படலம் ஒரே சீரா இருக்கா, திட்டுத்திட்டா உரிஞ்சிருக்கான்னு போட்டோ எடுங்க, என்னைக் கேட்டா ரிப்போர்ட்ல நம்பரைவிட இதுக்குதான் மதிப்பு. ஒவ்வொரு பொருளையும் காத்துல மூணு தடவை, நைட்ரஜன்ல மூணு தடவையாவது ஓட்டுங்க, ஒவ்வொரு தடவையும் புது பின், புது டிராக்.

ஸ்டெப் 6: டைட்டில்ல 'ஹைட்ரஜனில் தேய்மானம்'னு போடாதீங்க, 'ஈரமில்லாத மந்த வாயுவில்'னு போடுங்க. நிஜ ஹைட்ரஜன் காத்தைவிட ஏழு மடங்கு கிட்ட நல்லா சூட்டைக் கடத்தும், உரசுற இடத்தோட வெப்பநிலையே மாறும், ஸ்டீல் மேல இருக்கற ஆக்சைடோடயும் அது வேற மாதிரி நடந்துக்கும். வைவால இதைத்தான் கேப்பாங்க.