எச்சரிக்கை விளக்கு எரிந்தபின் செய்யக்கூடாதவை: கேரவனில் பயணிப்போருக்கு

மதுரையில் கேரவன் என்று சொன்னால், படப்பிடிப்பில் நடிகர்கள் இளைப்பாறும் வண்டியைத்தான் இன்னும் பலர் நினைக்கிறார்கள். ஆனால் பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டு, இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு, சிறிய ஃபிரிட்ஜ், கூரையில் சோலார் தகடு என்று மாற்றிக்கொண்டு கொடைக்கானலுக்கும் மேகமலைக்கும் போய்வரும் குடும்பங்கள் இப்போது நம் ஊரிலும் உண்டு. நானும் அப்படிப் போய்வருகிறவன்தான். இத்தகைய வண்டியின் மீட்டர் போர்டில் ஒரு விளக்கு எரியும்போது நாம் செய்யும் தவறு, காரில் செய்யும் அதே தவறைவிட அதிகம் செலவு வைக்கும். வண்டி கனமானது, ஏற வேண்டிய மலை செங்குத்தானது, வண்டி நின்றால் அன்றிரவு படுக்க வேண்டிய வீடும் சேர்ந்தே நின்றுவிடுகிறது.

"அடுத்த ஊர் வரை ஓட்டிவிடலாம்" என்பதுதான் இத்தவறுகளில் முதன்மையானது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாத மாலையில், உசிலம்பட்டியைத் தாண்டி ஆண்டிபட்டிக் கணவாயை நெருங்கும்போது எங்கள் வண்டியில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. "சார்ஜ் லைட்டுதான மாப்ள, பின்னாடிதான் ரெண்டு பேட்டரி கெடக்கே, தேனி போயிப் பாத்துக்கிருவோம்" என்றார் மாமா. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஸ்டீயரிங் சற்று இறுகியதை நான் உணர்ந்தேன்; சாலை வளைவதால் அப்படித் தோன்றுகிறது என்று விட்டுவிட்டேன். ஏழெட்டு நிமிடத்தில் டெம்பரேச்சர் முள் மேலேறி சிவப்புக் கோட்டைத் தொட்டது, பானெட்டின் இடுக்கிலிருந்து ஆவி வந்தது.

அறுந்துபோயிருந்தது ஃபேன் பெல்ட். எங்கள் மெக்கானிக்குகள் ஆல்டர்நேட்டரை இன்றும் டைனமோ என்றே சொல்வார்கள். அந்த டைனமோவையும், இன்ஜினுக்குள் தண்ணீரைச் சுற்றவிடும் வாட்டர் பம்பையும், ஸ்டீயரிங் பம்பையும் சுழற்றுவது பல வண்டிகளில் ஒரே பெல்ட்தான். அது அறுந்தால் முதலில் தெரிவது சார்ஜ் லைட், அடுத்து ஸ்டீயரிங் கனம், கடைசியாக ஏறும் சூடு. பின்னால் எத்தனை பேட்டரி கிடந்தாலும் அவற்றால் வாட்டர் பம்பைச் சுற்ற முடியாது. பெல்ட் விலையோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, இன்ஜினின் மேற்பகுதியான ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பி, காஸ்கெட் மாற்றி, குடும்பத்தைப் பேருந்தில் திருப்பி அனுப்புவது வரை போனது. ஆகவே சார்ஜ் லைட் எரிந்தால் ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, பெல்ட் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். பெல்ட் சரியாக இருந்து, சூடும் ஏறாமல் இருந்தால்தான் ஏசியையும் மற்ற மின் சுமைகளையும் நிறுத்திவிட்டு அருகிலுள்ள பட்டறை வரை ஓட்டுவதைப் பற்றி யோசிக்கலாம்.

விளக்கின் நிறத்தைப் பார்க்காமல் படத்தை மட்டும் பார்ப்பது அடுத்த தவறு. சிவப்பு என்றால் நிறுத்து, மஞ்சள் என்றால் விரைவில் கவனி, பச்சையும் நீலமும் வெறும் தகவல் என்பது பெரும்பாலும் எல்லா நிறுவனங்களின் வண்டிகளுக்கும் பொதுவானது. இது தெரிந்தவர்கள்கூடப் பதற்றத்தில் தலைகீழாக நடந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன்: மஞ்சள் இன்ஜின் லைட்டுக்குக் கொண்டை ஊசி வளைவிலேயே வண்டியை நிறுத்துவார்கள், சிவப்பு ஆயில் லைட்டை வைத்துக்கொண்டு கப்பலூர் டோல்கேட் வரை போவார்கள்.

எண்ணெய்ச் சொம்பு போன்ற அந்தச் சிவப்பு விளக்கு காட்டுவது ஆயிலின் அளவை அன்று, அதன் அழுத்தத்தை. அழுத்தம் இல்லையென்றால் பேரிங்குகளுக்கும் கிராங்குக்கும் நடுவே இருக்க வேண்டிய மெல்லிய எண்ணெய்ப் படலம் இல்லை, இரும்போடு இரும்பு உரசுகிறது என்று பொருள். இதற்கு நிமிடக் கணக்கு கிடையாது. பாதுகாப்பான ஓரம் கிடைத்த உடனே இன்ஜினை அணைத்துவிட வேண்டும். மலையேறி வந்த டர்போ இன்ஜினை ஓரிரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் ஆயில் லைட் எரியும்போது அந்தப் பழக்கத்தை மறந்துவிட வேண்டும். பிறகு பத்து நிமிடம் பொறுத்து, சமதளத்தில் வைத்து கேஜ் குச்சியைத் துடைத்துப் பார்க்கவும். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் சாலையோரத்தில் சாய்ந்து நிற்கும் வண்டியில் கேஜ் சொல்லும் அளவை நம்பக்கூடாது. அளவு குறைந்திருந்தால் ஊற்றலாம். அளவு சரியாக இருந்தும் விளக்கு அணையவில்லை என்றால், அது சென்சார் கோளாறாகவும் இருக்கலாம், பம்ப் கோளாறாகவும் இருக்கலாம். சாலையோரத்தில் நின்று இரண்டில் எது என்று நம்மால் சொல்ல முடியாது, எனவே வண்டியை ஏற்றிச் செல்லத்தான் வேண்டும். வளைவில் திரும்பும்போது மட்டும் இந்த விளக்கு ஒரு கணம் சிமிட்டி மறைந்தால், இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சேம்பரில் அளவு குறைந்து, ஆயில் ஒரு பக்கமாகச் சாய்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். சிமிட்டியதுதானே என்று விட்டவர்களில் சிலர் பின்னர் இன்ஜின் சீஸ் ஆகி, அதாவது சுழலாமல் இறுகிப்போய், நின்றார்கள்.

சூட்டின் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள் கையைச் சுடும் வகையைச் சேர்ந்தவை. ரேடியேட்டரின் மூடி, உள்ளே அழுத்தத்தைத் தேக்கிவைத்து, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் காக்கிறது. சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறந்தால் அழுத்தம் விடுபட்டு, உள்ளிருக்கும் நீர் அதே நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். ஈரத் துணியைப் போட்டுத் திறக்கலாம் என்பது ஆபத்தான பாட்டி வைத்தியம். குறைந்தது அரை மணி நேரமாவது பொறுத்து, மேல் ஹோஸைத் தொட்டால் கை பொறுக்கும் அளவு ஆறிய பிறகே திறக்க வேண்டும். கொதிக்கும் இன்ஜினின் மேல் குடத்து நீரை ஊற்றுவதும் கூடாது. ஹெட்டில் விரிசல் விடும்.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. மதுரையைச் சுற்றிப் பல இடங்களில் போர்வெல் தண்ணீர் உப்பு. அவசரத்துக்கு அதை ஊற்றிக்கொள்வதில் குற்றமில்லை, ஆனால் ஊற்றியதை மறந்துவிடுவது தவறு. அந்த உப்பு ரேடியேட்டர் குழாய்களில் காரையாகப் படிந்து, அடுத்த கோடையில் கணவாய் ஏறும்போது மீண்டும் முள்ளை மேலே தள்ளும். ஊர் திரும்பியதும் முழுவதும் வடித்து, கழுவி, உரிய கூலண்டை உரிய விகிதத்தில் நிரப்பச் சொல்லுங்கள். இன்னொன்று: கூலண்ட் முழுவதும் கசிந்துவிட்டால் சென்சாரின் முனை நீரில் நனையாமல் வெறும் காற்றில் நிற்கும், அப்போது முள் இறங்கிவிடும். மேலேறிய முள் காரணமின்றிச் சட்டென்று கீழே வந்தால் நிம்மதி அடையாதீர்கள்.

விளக்கு எரியும் முன்பே முள் ஏறத் தொடங்கியதைக் கவனித்துவிட்டால் செய்யக்கூடியது நிறைய உண்டு. ஏசியை அணைத்து, கியரைக் குறைத்து, ஹீட்டர் உள்ள வண்டியானால் அதை முழு வேகத்தில் திறந்துவிட வேண்டும். ஹீட்டர் என்பது இன்னொரு சிறிய ரேடியேட்டர். மே மாத வெயிலில் உள்ளே இருப்பவர்கள் திட்டுவார்கள், திட்டட்டும்.

கேரவனுக்கு மட்டுமே உரிய தவறு, வீட்டு மின்சாரத்தையும் இன்ஜின் மின்சாரத்தையும் கலப்பது. 1000 வாட் எடுக்கும் ஒரு பொருளை இன்வெர்ட்டர் வழியே 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டினால் 80 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வண்டியை மாற்றியமைத்தவர் தனி பேட்டரியும், இரண்டையும் பிரிக்கும் ரிலேயும் வைக்காமல் செல்ஃப் எடுக்கும் பேட்டரியிலிருந்தே இணைப்புக் கொடுத்திருந்தால், இரவெல்லாம் ஃபிரிட்ஜும் மின்விசிறியும் ஓடியபின் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வோல்டேஜ் சரியும். வண்டியின் கம்ப்யூட்டர் பெட்டிகள் குழம்பும். ஏபிஎஸ், ஸ்டீயரிங், இன்ஜின் என்று தொடர்பில்லாத மூன்று நான்கு விளக்குகள் ஒன்றாக எரியும். ஒரே சமயத்தில் எல்லாம் கெட்டுவிட்டதாக அஞ்சி ஆளுக்கொரு சென்சாரை மாற்றுவதற்கு முன், பேட்டரி டெர்மினலில் வோல்ட் மீட்டரை வைத்துப் பாருங்கள். அணைத்து ஓய்ந்திருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவிலும், இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.5 வரையிலும் காட்டும். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறிய மீட்டர் மலிவானது. எனக்கு அது மீட்டர் போர்டைவிட அதிகம் உதவியிருக்கிறது.

மஞ்சள் இன்ஜின் லைட்டுக்கு வருவோம். சீராக எரிந்து, வண்டி வழக்கம்போல் இழுத்து, சத்தமும் புகையும் மாறாமல் இருந்தால், நிதானமாக ஓட்டி அன்றோ மறுநாளோ ஸ்கேனர் போட்டுப் பார்க்கலாம். பெட்ரோல் வண்டியில் அது விட்டுவிட்டு மின்னினால் கதை வேறு: ஏதோ ஒரு சிலிண்டரில் எரிபொருள் எரியாமல் வெளியேறி, சைலன்சர் குழாயில் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிஸ்ட்டில் போய் எரிகிறது, சிறிது நேரத்தில் அதை உருக்கிவிடும். ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி ஓரங்கட்டுவதே சரி.

பேட்டரி வயரைக் கழற்றி மாட்டி விளக்கை அணைப்பது நம் பட்டறைகளில் பரவலாக இருக்கும் வழக்கம். விளக்கு அணையும், ஆனால் பழுது ஏற்பட்ட நொடியில் வேகம், சூடு, சுமை என்ன என்று கம்ப்யூட்டர் எழுதிவைத்த குறிப்பும் பல வண்டிகளில் அதோடு அழியும். விட்டுவிட்டு வரும் பழுதைக் கண்டுபிடிக்க அந்தக் குறிப்பு மெக்கானிக்குக்கு மிகவும் உதவும். எனவே விளக்கு எரிந்ததும், அணைப்பதற்கு முன், உடன் வருபவரிடம் மீட்டர் போர்டைக் கைப்பேசியில் படமெடுக்கச் சொல்லுங்கள். ஸ்கேனர் காட்டும் பழுதுக் குறியீட்டையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் குறியீடும் எந்த மின்சுற்றில் கோளாறு என்றுதான் சொல்கிறது, எந்தப் பொருளை மாற்ற வேண்டும் என்று சொல்வதில்லை. ஆக்சிஜன் சென்சார் என்று குறியீடு வந்தால், எலி கடித்த வயராகவும் இருக்கலாம். மாதக்கணக்கில் வீட்டு வாசலில் நிற்கும் கேரவனில் எலி அரிய விருந்தாளி அன்று.

2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த டீசல் வண்டிகளில் கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கும். தேங்கிய கரியை வண்டி அவ்வப்போது ஏறத்தாழ 600 டிகிரி சூட்டில் தானே எரித்துக்கொள்ளும். ஏசிக்காக இரவு முழுவதும் இன்ஜினை ஐடிலில் ஓடவிடுபவர்கள் இந்த வடிகட்டியைத் தாங்களே அடைக்கிறார்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு தூங்குபவர்களின் உயிருக்கே ஆபத்து என்பது தனி. டிபிஎஃப் விளக்கு மஞ்சளாக எரிந்தால் பெரும்பாலும் நீண்ட, சீரான ஓட்டம் போதும். திருமங்கலத்திலிருந்து விருதுநகர் நோக்கிச் செல்லும் நான்குவழிச் சாலையில் இருபது நிமிடம் நிற்காமல் ஓட்டுவது அதற்கு ஏற்றது. பாதியில் அணைப்பதும், விளக்கு சிவப்பாகும் வரை பொறுப்பதும்தான் தவறு.

அந்தச் சூட்டோடு வண்டியைக் காய்ந்த புல்லின் மேல் நிறுத்தக்கூடாது. உசிலம்பட்டி, பேரையூர் பக்கத்துச் சாலைகளில் கொள்ளையும் எள்ளையும் செடியோடு பரப்பி, போகும் வண்டிகளின் சக்கரத்தில் மிதிபட வைத்து மணி பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் செடித் தாள் வண்டியின் அடியில் சுற்றிக்கொண்டு சைலன்சரில் ஒட்டினால் தீப்பிடிக்கும். அத்தகைய இடத்தைக் கடந்து, கருகும் வாடை வந்தாலோ ஏதேனும் விளக்கு எரிந்தாலோ, இறங்கிக் குனிந்து அடியில் பாருங்கள். கேஸ் சிலிண்டரின் வால்வைப் பயணம் முழுவதும் மூடிவைத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

புகையைச் சுத்தமாக்க யூரியா திரவம் கேட்கும் டீசல் வண்டியானால், அதன் விளக்கை அலட்சியம் செய்து டேங்கைக் காலியாக விட்டால் பிக்கப்பைக் குறைத்துவிடும். பல வண்டிகள் ஒரு முறை அணைத்தபின் மீண்டும் ஸ்டார்ட் ஆகவே மறுக்கும். 32.5 விழுக்காடு அளவில் கலந்து விற்கப்படும் திரவத்தைத்தான் ஊற்ற வேண்டும். தவறி டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியைக்கூடத் திருப்பாமல் டேங்கை வடிக்க வேண்டும்.

நிறுத்தும் இடத்திலும் தவறு நேர்கிறது. வளைவுக்கு அப்பால் நேர்ச்சாலையில், முடிந்தவரை இடப்பக்கம் ஒதுக்கி, பிள்ளைகளைச் சாலை இல்லாத பக்கமாக இறக்கி, முக்கோணப் பலகையைப் பின்னால் ஐம்பது மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும்; வேகச் சாலையில் இன்னும் தொலைவாக வைக்கலாம். தேசிய நெடுஞ்சாலையானால் 1033 என்ற எண்ணை அழைத்து, வண்டியின் நீளத்தையும் எடையையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். காரை இழுக்கும் வண்டி வந்து, முடியாது என்று திரும்பிப் போனால் இன்னும் ஒரு மணி நேரம் வீணாகும்.

வாடகைக்கு எடுத்தாலும் பழையதாக வாங்கினாலும், இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி, எச்சரிக்கை விளக்குகள் எரிகின்றனவா என்று முதலில் பார்ப்பதை நான் பழக்கமாக வைத்திருக்கிறேன். அந்த நிலையில் ஆயில், சார்ஜ், இன்ஜின் விளக்குகள் எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு வண்டியைப் பார்க்கப் போனபோது மற்ற விளக்குகள் எரிந்தன, இன்ஜின் லைட்டின் இடம் மட்டும் இருட்டாக இருந்தது. கேட்டதற்கு, "அது எரியவே எரியாதுண்ணே, அவ்வளவு நல்ல வண்டி" என்றார் விற்க வந்த தம்பி. டார்ச் அடித்து உற்றுப் பார்த்தபோது, மீட்டர் கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் படத்தின் மேல் கத்தரித்து ஒட்டியிருந்த கறுப்பு டேப்பின் ஓரம் லேசாகச் சுருண்டிருந்தது.